மிஸ் டேனாவுக்குத் தமிழ் தெரியாது

புதன்கிழமை வந்தா இந்த நாத்தம். மாடிப்படி ஏறுறப்பவே மூக்குல ஏறிக்கும். கொழகொழன்னு வெந்த மாக்கரோனி, அதுமேல உருகி ஆறித் தோல் கட்டின சீஸு, பக்கத்துல ஒரு கரண்டி தக்காளி சாஸு. அமெரிக்கன் லஞ்ச்சாம். கருமம். திருப்பூர்ல, அவிநாசி ரோட்டு ஓரத்துல, வெயிலு மண்டையப் பொளக்குற மத்தியானத்துல, யூகேஜி புள்ளைங்க அம்புட்டும் முள்கரண்டியப் புடிச்சுக்கிட்டு அதைக் குத்திக் குத்தித் திங்குதுக. கையால தொடக் கூடாது. தொட்டா ஆயாம்மா மயிலாத்தா வந்து கையத் தட்டிவிடணும்னு உத்தரவு. என் வேலை என்னன்னா, டேபிளுக்கு டேபிள் நடந்துக்கிட்டே 'யம்மி, யம்மி'ன்னு சொல்லணும். சொல்லிட்டு நானும் ஒரு வாய் வச்சுக்கணும், புள்ளைங்க பாக்குற மாதிரி. வச்சா அது நாக்குல ஒட்டிக்கிட்டு எறங்க மாட்டேங்குது. நியூஜெர்சி ஸ்கூல்ல இருந்தப்ப, டீச்சர்ஸ் ரூம்ல தாளிச்ச வாசம் வந்தா மூஞ்சியச் சுளிப்பாங்கன்னு, கார்ல போய் உக்காந்து கண்ணாடிய ஏத்திவிட்டுக்கிட்டு தயிர்சோறும் மாவடுவும் தின்னவ நான். அங்க ஒளிஞ்சு தயிர்சோறு, இங்க ஊரு பாக்க மாக்கரோனி. நல்லாருக்கு என் பொழப்பு. 'இந்தம்மா மூஞ்சியப் பாரு, வெளக்கெண்ணெ குடிச்ச மாதிரி' - மயிலாத்தா சமையக்கார அம்மாகிட்டச் சொல்றாங்க. என் காதுக்குப் பக்கத்துல நின்னுக்கிட்டு, சத்தமா, ஒளிவுமறைவே இல்லாம. நான் திரும்பிப் பாத்துப் பல்லைக் காட்டுறேன். 'தேங்க் யூ, மயிலாத்தா'ங்கிறேன். அவங்களும் தலையை ஆட்டிக்கிட்டே, 'இதுக்கொண்ணும் கொறச்சலில்ல'ன்னு சொல்லிட்டுப் போறாங்க.

எனக்குத் தமிழ் தெரியாது. அதுதான் இங்க என் உத்தியோகமே. அருப்புக்கோட்டையில பொறந்து, அப்பத்தா பேரு தனபாக்கியத்தையே எனக்கும் வச்சு, அந்தப் பேர்ல பள்ளிக்கூடம் காலேஜ் எல்லாம் முடிச்சு, கல்யாணமாகி அந்தூருக்குப் போய், அங்க சின்னப் புள்ளைங்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்து, அந்த நாட்டுக்காரியாவே ஆகிட்டு, எல்லாம் போதும்டா சாமின்னு திரும்பி வந்தா, இங்க நான் மிஸ் டேனா. தாளாளர் பூபதி சார் என்னை உக்காரச் சொல்றதுக்கு முன்னாடி பாஸ்போர்ட்டத்தான் கேட்டாரு. வாங்கி அந்தக் கழுகுப் படத்தைத் தடவிப் பாத்தாரு. சீ, இப்ப நினைச்சாலும் அந்த விரலு கண்ணு முன்னாடி வருது, மோதிரம் போட்ட விரலு, நகத்துல சந்தனம். 'வெள்ளைக்காரங்களத்தானுங்க தேடிட்டிருந்தோம், ஒண்ணும் செட்டாகலீங்க'ன்னு என்கிட்டயே சொன்னாரு. 'உங்களுக்கு அந்த ஸ்லாங் இருக்குதுங். அது போதும். ஒரே ஒரு கண்டிசன் மட்டும். கேட்டுக்குள்ள வந்துட்டா தமிழ் பேசக் கூடாது. பேசக் கூடாதுங்கறது மட்டுமில்லீங், புரியவே கூடாது. புரியும்னு தெரிஞ்சா எந்தப் புள்ளயும் இங்கிலீஷ் பேசாது. நீங்க அங்கயே பொறந்து வளந்தவங்கன்னு பேரண்ட்ஸ்கிட்டயெல்லாம் சொல்லியாச்சுங்.' என்னைப் பாக்குறதுக்கு முன்னாடியே சொல்லியாச்சாம். அந்த நிமிஷமே எந்திரிச்சு வந்திருக்கணும். ஸ்கூலே வீடு குடுக்குது, காம்பவுண்டுக்குள்ள வேப்பமரம் நிக்குது, தலையை ஆட்டிட்டேன். இது இல்லேன்னா மறுபடி அந்தப் பனிதான், மக வீட்டு சோபாதான். என் புருஷன் விவாகரத்து பண்ணிட்டுப் போன பெறகு, அந்தப் பனிக்காலத்துல, ஒரு வாரம் முழுக்கத் தமிழ்ல ஒரு வார்த்தை பேச ஆளில்லாம, கடையில கத்திரிக்காயப் பொறுக்கிக்கிட்டே 'சொத்தை, சொத்தை, இதுவும் சொத்தை'ன்னு நானே சத்தமா சொல்லிக்கிட்டு நின்னேன். பக்கத்துல நின்ன வெள்ளைக்காரம்மா தள்ளிப் போயிட்டா. அன்னிக்குத்தான் முடிவு பண்ணேன், போயிரணும், ஆட்டோக்காரன் நம்மள ஏசினாலும் தமிழ்ல ஏசட்டும்னு. வந்துட்டேன். வந்து சேந்த எடத்தப் பாரு.

சாஸு கீழ கொட்டிருச்சு ஒரு புள்ள. அது காயுறதுக்குள்ள ஈ வந்துரும். ஈயப் பாத்தா எனக்கு இன்னும் குமட்டும். ஆனா உண்மையச் சொல்லணும்னா ஈயவிடக் கேவலமா ஒண்ணு இருக்கு. அது என் காது. தமிழ் தெரியாதவ முன்னாடி ஊரே அவுத்துப் போட்டுக்கிட்டு நிக்குது, நானும் கேட்டுக்கிட்டு நிக்கிறேன். எந்த டீச்சருக்கு எந்த டீச்சரப் புடிக்காது, எந்த அப்பா எந்த வீட்டுக்குப் போறாரு, என் ஜாக்கெட்டு தைச்சது எந்தக் குருடன், என் புருஷன் ஏன் என்னை வெரட்டியிருப்பான், எல்லாம் கேக்குது. மொதல்ல கூசிச்சு. அப்புறம் ஒரு ருசி வந்துருச்சு. நாளைக்கு என்ன சொல்வாங்களோன்னு காத்திருக்குற ருசி. புண்ணுல பொருக்கு தட்டினா விரலு சும்மா இருக்குமா, அந்த மாதிரி. அப்பத்தான் தீபாவளிக்கப்புறம் கனிஷ்கா வந்து சேந்தா. கண்ணாடிச் சில்லு மாதிரி கண்ணு, ரெட்டைச் சடை, காங்கேயத்துப் பக்கம் எங்கயோ தமிழ் ஸ்கூல்ல இருந்தவ. வந்த ரெண்டாம் வாரமே கண்டுபுடிச்சுட்டா. பக்கத்துல இருந்த புள்ளகிட்ட சொன்னா, 'மிஸ்கிட்ட என்ன வேணா சொல்லலாம், அவங்களுக்குத்தான் புரியாதே'ன்னு. அதுலேர்ந்து தெனமும் லஞ்ச் நேரத்துல என் நாற்காலிக்கிட்ட வந்து சாஞ்சுக்குவா. சாஞ்சுக்கிட்டு சொல்லிக்கிட்டே இருப்பா. அம்மாவோட கண்மை டப்பாவ ஒடைச்சு அலமாரிக்குப் பின்னாடி போட்டது அவதானாம். அப்பாவும் அம்மாவும் பேசுறதில்லையாம், அவதான் நடுவுல 'அப்பா, அம்மா சாப்பிட வரச் சொன்னாங்க'ன்னு சொல்லணுமாம். வரப்போற தம்பிய அவளுக்கு வேண்டாமாம். எல்லாத்துக்கும் நான் 'ஓ, ரியலி?'ம்பேன். அவ வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிப்பா. ஒரு புள்ள இப்படி மனசைத் தெறந்து என்கிட்ட வைக்குதேன்னு எனக்குப் பெருமை வேற. என் சொந்த மகளே என்கிட்ட இப்படிப் பேசினதில்ல. என்கிட்டயா வச்சுது அது. செவுத்துகிட்ட வச்சுது.

அந்த ஒண்ணுக்கு விஷயத்த நினைக்கக் கூடாதுன்னு பாக்குறேன், மாக்கரோனிய நினைச்சாலும் அதுலதான் போய் நிக்குது. பாத்ரூம் போகணும்னா முழு வாக்கியமா இங்கிலீஷ்ல கேக்கணும். 'மே ஐ கோ டு த ரெஸ்ட்ரூம், ப்ளீஸ்.' ஒரு வார்த்தை விட்டாலும் மறுபடி கேக்கணும். அதுவும் பூபதி சார் போட்ட ரூல்தான், ஆனா புடிச்சுக்கிட்டு நின்னது நான். பொங்கலுக்கு முந்தி ஒரு நாள் கனிஷ்கா வந்து 'மே ஐ'ன்னு ஆரம்பிச்சா, அதுக்கு மேல வரல. 'ஃபுல் சென்டன்ஸ், ஹனி'ன்னேன். 'மே ஐ'ன்னா. 'யூ கேன் டூ இட்'னேன். அவ காலை ஒட்டி வச்சுக்கிட்டு என் மொழங்கையப் புடிச்சா. 'மிஸ், ஒண்ணுக்கு வருது மிஸ், அவசரமா வருது.' பின்னாடி ஜன்னல்ல பூபதி சாரோட வெள்ளைச் சட்டை தெரியுது. நான் புருவத்தத் தூக்கிக்கிட்டு, புரியாதவ எப்படிப் பாப்பாளோ அப்படிப் பாத்தேன். அந்தப் பார்வைய நான் வீட்டுக் கண்ணாடியில பழகியிருக்கேன், அசிங்கம். தரையெல்லாம் நனஞ்சுருச்சு. புள்ளைங்க சிரிச்சுதுக. மயிலாத்தா வந்து 'ஏம் புள்ள, வாயத் தெறந்து சொல்றதுக்கென்ன'ன்னு வஞ்சுக்கிட்டே தொடச்சாங்க. அவ சொன்னா, மயிலாத்தா, வாயத் தெறந்துதான் சொன்னா. மறுநாளே அவ தண்ணி குடிக்கிறத நிறுத்திட்டா. நான் கண்டுபுடிக்கல, அவளே வந்து சொன்னா. தண்ணி குடிச்சாத்தான ஒண்ணுக்கு வரும், அதனால பாட்டில் தண்ணிய அந்த மணிபிளாண்ட் தொட்டியில ஊத்திடறேன் மிஸ், யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னு. 'ஓ, ரியலி?'

நான் ஒண்ணும் சும்மா இருக்கல. இப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்குவேன், ராத்திரி பல் வெளக்குறப்ப. 'ட்ரிங்க் வாட்டர்'னு பாட்டில நீட்டினேன், வாங்கி வாயில வச்சு நடிச்சுட்டு வச்சுட்டா, நடிக்கிறது யாரப் பாத்துக் கத்துக்கிட்டாளோ. நர்ஸ் ரூமுக்கு அனுப்பினேன். நர்ஸ் 'ஆர் யூ ஓகே?'ன்னு கேட்டுச்சாம், இவ 'ஐ ஆம் ஃபைன், தேங்க் யூ'ன்னு சொல்லிட்டு வந்துட்டா. இந்தப் பள்ளிக்கூடத்துல அந்தப் புள்ளைக்கு முழுசா வர்ற வாக்கியம் அது ஒண்ணுதான். சாயங்காலம் அவ அம்மா கூட்டிட்டுப் போக வந்தப்ப, 'ஷி ஈஸ் நாட் ட்ரிங்கிங் எனி வாட்டர்'னு சொல்லிப் பாத்தேன். அந்தம்மா மாசமா இருக்கு, மூச்சு வாங்குது, என் முன்னாடி தப்பா எதுவும் பேசிரக் கூடாதுன்னு வேர்த்துக் கொட்டுது. 'ஓகே மிஸ், ஓகே மிஸ், தேங்க்யூ மிஸ்'னு தலையை ஆட்டிக்கிட்டே போயிருச்சு. ரெண்டு பொம்பளைங்க, ரெண்டு பேருக்கும் தாய்மொழி ஒண்ணு, நடுவுல ஒரு புள்ள தாகத்துல காயுது, நாங்க ஓகே ஓகேன்னு சொல்லிக்கிட்டு நிக்கிறோம். தூ. துப்புறதுக்குக்கூட இங்க எடம் கெடையாது, எல்லாம் கண்ணாடித் தரை.

இன்னிக்கு அவ சாப்பாட்டையே தொடல. தட்டத் தள்ளிவிட்டுட்டு வந்து என் நாற்காலியில சாஞ்சுட்டா. கைய எடுத்து என் கை மேல வைக்கிறா, கொதிக்குது. ஒதடு வெடிச்சிருக்கு. அவ வாய்லேர்ந்து ஒரு வாடை வருது, தண்ணி காணாத வாய்க்கு வர்ற வாடை, இந்த சீஸு நாத்தத்தயும் மீறி வருது. மூஞ்சியத் திருப்பிக்கிட்டேன். சின்னப் புள்ள வாய் நாறுதுன்னு மூஞ்சியத் திருப்பினவ நான். 'மிஸ், ஒண்ணு சொல்லட்டுங்களா? ஒண்ணுக்குப் போனா எரியுது.' அவ குரலு ஒரு ரகசியம் சொல்ற குரலு, கண்மை டப்பாவுக்கு வந்த அதே குரலு. 'நேத்து செவப்பா வந்துச்சு மிஸ். நான் தண்ணி ஊத்திவிட்டுட்டேன். அம்மா பாத்தா ஊசி போடக் கூட்டிட்டுப் போயிருவாங்க. இப்பவும் எரியுது, இங்க முதுகுலயும் வலிக்குது.' என் வாய்ல பாதி மாக்கரோனி. முழுங்கவும் முடியல, துப்பவும் முடியல. 'ஓ'ங்கிறேன். 'ரியலி' வரல.

இப்ப என்ன, நர்ஸ் ரூமுக்குத் தூக்கிட்டுப் போ, காய்ச்சல்னு சொல்லு. காய்ச்சல்னு சொன்னா மாத்திரை குடுத்துப் படுக்க வைப்பாங்க, ரத்தத்த யாரு சொல்றது. அவ சொல்ல மாட்டா. அவ அம்மாகிட்டயே மறைக்கிறவ. நான் சொல்லணும்னா எப்படித் தெரியும்னு கேப்பாங்க. இங்கிலீஷ்ல சொன்னான்னு சொல்லலாமா, அந்தப் புள்ள இங்கிலீஷ்ல சொல்லிச்சுன்னா இந்தக் கட்டடம் சிரிக்கும். ஜாடையில காட்டினான்னு சொல்லலாம். ஆமா, சொல்லலாம், ஒரு பொய்யக் காப்பாத்த இன்னொண்ணு, அதைக் காப்பாத்த இன்னொண்ணு, எனக்குத்தான் நல்லா வருதே. வேலை போயிரும்னா பயப்படுற? போனாப் போகட்டும்னு வாய் சொல்லுது, வயிறு சொல்ல மாட்டேங்குது, அந்த சோபா நினைப்பு வருது, பனி வருது, கத்திரிக்காய் வருது. அது மட்டுமா. அது மட்டும்னா எப்பவோ வாயத் தெறந்திருப்பேன். இவளுக்குத் தெரிஞ்சுருமே. நான் செவுரு இல்லேன்னு இவளுக்குத் தெரிஞ்சுருமே.

கதவு தெறக்குது. பூபதி சார் வர்றாரு, பின்னாடி ஒரு புருஷனும் பொஞ்சாதியும், அட்மிஷன் பாக்க வந்தவங்க, பனியன் கம்பெனி வச்சிருப்பாங்க போல. சென்ட்டு வாசம் சீஸ் நாத்தத்தோட கலக்குது. 'ஹலோ மிஸ் டேனா, ஹவ் ஈஸ் லஞ்ச்?' 'யம்மி'ங்கிறேன். அந்தம்மா என்னை மேலருந்து கீழ பாக்குது. 'ஏனுங், அமெரிக்காக்காரங்கன்னு சொன்னீங்க? பாத்தா நம்மூரு ஆளாட்ட இருக்கறாங்க.' பூபதி சார் சிரிக்கிறாரு. 'கலருதானுங் நம்ம கலரு. தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. நீங்களே வேணா பேசிப் பாருங்க.' அந்தம்மாவோட வீட்டுக்காரருக்கு ஆசை வந்துருச்சு. என் மூஞ்சிக்கு நேரா குனிஞ்சு, 'ஏனுங்கம்மணி, சோத்துல பல்லி விழுந்துருச்சுங்'ங்கிறாரு. பொஞ்சாதி முந்தானையால வாயப் பொத்திக்கிட்டு சிரிக்குது. நான் கண்ணச் சிமிட்டாம, புருவத்த மட்டும் தூக்கி, அந்தக் கண்ணாடியில பழகின பார்வையப் பாக்குறேன். 'ஐ ஆம் சாரி?' 'பாத்தீங்ளா'ங்கிறாரு பூபதி சார், சந்தைக்குக் காளைமாட்ட ஓட்டிட்டு வந்து அதோட பல்லைக் காட்டுறவரு மாதிரி. என் கைக்கு அடியில கனிஷ்காவோட கை கொதிச்சுக்கிட்டே இருக்கு.

பூபதி சார் இப்பத்தான் அவளப் பாக்குறாரு. குனிஞ்சு, 'வாட் ஆர் யூ டெல்லிங் மிஸ் டேனா?'ன்னு கேக்குறாரு. அவ மூணு பெரிய மனுஷங்களயும் பாக்குறா. என்னைப் பாக்குறா. காலு ரெண்டும் ஒட்டிக்குது. ஒதடு அசையுது. அது என்ன சொல்லப்போகுதுன்னு எனக்குத் தெரியும், 'மே ஐ'ன்னு ஆரம்பிக்கும். ஆரம்பிக்கல. 'ஐ ஆம் ஃபைன், தேங்க் யூ'ன்னுச்சு. 'குட் கேர்ள்' பூபதி சார் கைதட்டுறாரு. அந்தம்மாவும் கைதட்டுது. வாய்க்குள்ள இருந்தத நான் துப்பிட்டேன், தட்டுலயே, எல்லாரும் பாக்க. கீழ எறங்கி முட்டிபோட்டு அவ தாடையத் தூக்கினேன்.

'ஏங் கண்ணு, எத்தனை நாளா செவப்பா வருது?'

என் குரலு எனக்கே புதுசா இருந்துச்சு. அருப்புக்கோட்டைக் குரலு, தண்ணிக்கொழாயில சண்டை போடுற குரலு. ஒரு புள்ள கரண்டியக் கீழ போட்டுச்சு. 'மேடம்'னாரு பூபதி சார். 'அட, தமிழ் பேசறாங்க'ன்னுச்சு அந்தம்மா. நான் அவங்க பக்கம் திரும்பவே இல்ல. 'மயிலாத்தா, இந்தப் புள்ளைக்கு ஒண்ணுக்குப் போனா ரத்தம் வருதாம், ஒடம்பு கொதிக்குது, தண்ணியே குடிக்கல. அவங்கம்மாவுக்குப் போன் போடச் சொல்லுங்க, ஆஸ்பத்திரிக்கு நேரா வரச் சொல்லுங்க, நாம இப்பவே கெளம்புறோம்.' மயிலாத்தா என்னைப் பாத்த பார்வையில, ஆறு மாசமா என்னைப் பத்திச் சொன்னதெல்லாம் ஒண்ணொண்ணா திரும்பி வந்துச்சு. 'அடிப்பாவி'ன்னாங்க மெதுவா. யாரச் சொன்னாங்களோ. அடுத்த நொடி புள்ளயத் தூக்கி இடுப்புல வச்சுட்டாங்க. 'மேடம், நாம ஆபீஸ்ல பேசிக்கலாமுங், விசிட்டர்ஸ் இருக்கறாங்க.' பேசிக்கலாம் சார், எல்லாம் பேசிக்கலாம், வீட்டுச் சாவிய சாயங்காலம் தர்றேன். இதை வாய்விட்டுச் சொன்னேனா மனசுலயா, தெரியல. தமிழ் ஒரு தடவ வெளிய வந்துட்டா எது உள்ள எது வெளியன்னு தெரியல. லேசா இருந்துச்சு. வெக்கமில்லாம சொல்றேன், ஒரு நிமிஷம் சந்தோஷமாக்கூட இருந்துச்சு.

கனிஷ்கா அழல. மயிலாத்தா இடுப்புல இருந்தபடி என்னையே பாத்துக்கிட்டு இருந்தா. நான் அவ கையப் புடிச்சுக்கிட்டே படியில எறங்குறேன், பின்னாடி பூபதி சார் செருப்பு சத்தம் வருது. 'மிஸ்ஸுக்குத் தமிழ் தெரியுமா?'ன்னு கேட்டா. 'தெரியும்டா.' 'இப்பத்தான் தெரிஞ்சுதா?' ஆமான்னு சொல்லிரலாம். அஞ்சு வயசுப் புள்ள, நம்பிரும். நாலு படி எறங்கிட்டோம். 'இல்ல கண்ணு, மொதல்லேருந்தே தெரியும்.' அவ யோசிக்கிறா. கண்மை டப்பா, அப்பா, அம்மா, தம்பி, எல்லாம் அந்த மூஞ்சியில ஒவ்வொண்ணா வந்து போறது தெரியுது. கீழ வேனுக்கிட்ட வந்தாச்சு. டிரைவர் கதவத் தெறக்குறாரு.

'அன்னிக்கு ஒண்ணுக்கு வருதுன்னு சொன்னனே மிஸ். அதும் புரிஞ்சுதா?'

'புரிஞ்சுது'ன்னேன்.

அவ என் கையிலேர்ந்து கைய உருவிக்கிட்டா. உருவின கையப் பாவாடையில வச்சுத் தொடச்சா, முன்னாடியும் பின்னாடியும், நல்லா.